ஐந்தாவது கட்லெட்

லோம்ஜா,
திங்கட்கிழமை, 19 நவம்பர் 2007

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் கிங்கா எழுதுவது. நேற்று நடந்த எல்லாவற்றையும் இந்தக் கடிதத்தில் உள்ளது உள்ளபடி எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு வரியைக்கூடச் சேர்க்க மாட்டேன். எனக்குப் பாதகமானது எதையும் விடவும் மாட்டேன். பாதகமானதுதான் அதிகம் இருக்கிறது. ஆகவே தயவுசெய்து நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

பள்ளி நூலகத்தில் இருந்து எழுதுகிறேன். வீட்டில் எழுதினால் போழேனா பெரியம்மா ஏதாவது துடைக்கிற சாக்கில் மேசைக்கு வந்துவிடுவாள். நீ தொலைபேசியில் கூப்பிடும்போதுகூட அவள் ஒட்டுக்கேட்பதற்காக வானொலியை நிறுத்திவிடுகிறாள் என்பது உனக்குத் தெரியாது. நான் "எல்லாம் நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்வதற்கு அதுதான் காரணம்.

போன கடிதத்தில் நீ எழுதியிருந்தாய், கீத் இங்கிலாந்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருவார், கிறிஸ்துமஸ் வரை காய்கறி ஆலையில் உனக்கு விடுப்புக் கிடையாது, ஆகவே அவர் தனியாகத்தான் வருவார் என்று. "நீ பார்த்துவிட்டு உண்மையைச் சொல். நீ வேண்டாம் என்றால் இந்தக் கல்யாணம் வேண்டாம்" என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, கடைசி ஓரத்தில் சின்ன எழுத்தில், "உன்னை இங்கே அழைப்பதைக் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றும் எழுதியிருந்தாய். முதல் செய்தியை ஒரு முறை படித்தேன். இரண்டாவதைப் பதினொரு முறை படித்தேன்.

பெரியம்மாவுக்குக் கீத் வருவது பிடிக்கவில்லை. "ஊர்ல செத்துப்போன புருஷன் கல்லறையில படுத்திருக்கான், இவளுக்கு அங்க விவாகரத்து ஆனவன் கேக்குதா?" என்று வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் வீட்டுக்கு வருகிறவனுக்குச் சோறு போடாமல் இருக்கவும் அவளால் முடியாது. அவள் கோபத்தையெல்லாம் சமையலில் காட்டினாள். சனிக்கிழமை சாயங்காலம் பன்றிக் கட்லெட்டுகளை மரச் சுத்தியால் அவள் தட்டிய தட்டில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து என்ன உடைகிறது என்று கேட்டார். பத்துக் கட்லெட். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளைக்கும் சேர்த்து.

கீத் சரியாக ஒரு மணிக்கு வந்தார். நம்மூரில் ஒரு மணி என்றால் ஒன்றே கால் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பெரியம்மா இன்னும் சமையல் மேலங்கியைக் கழற்றவில்லை. அவர் உயரம், காதுகள் சிவப்பு, மழையில் நனைந்த கம்பளிச் சட்டை. வாசலுக்கு வெளியே நின்றபடியே கையை உள்ளே நீட்டினார். வாசற்படிக்குக் குறுக்கே கைகொடுத்தால் ஆகாது, யார் கொடுப்பார்கள்? பெரியம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவர் நீட்டிய கையை மெல்ல மடக்கி, தலையைத் தடவிக்கொண்டார். "உள்ளே வந்து கொடுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்ல எனக்குத் தெரியும். சொல்லவில்லை. உண்மை எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா, அது அங்கேயே தொடங்கிவிட்டது.

நான்தான் மொழிபெயர்ப்பாளர். அதில் எனக்குப் பெருமை இருந்ததை மறைக்கவில்லை. ஆங்கிலப் போட்டிக்காக ஆசிரியை எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். உண்பதற்கு ஆங்கிலத்தில் மூன்றே எழுத்தில் ஒரு சின்ன வினைச்சொல் இருக்கிறதே, அதற்கு நம் மொழியில் என்னென்ன பொருள் என்று பெரிய அகராதியைப் பார்த்து எழுத வேண்டும். நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். மனிதன் சாப்பிடுகிறான் என்பதற்கு நமக்கு ஒரு சொல். மாடும் பன்றியும் தின்பதற்கு வேறு சொல், அதை மனிதனைப் பார்த்துச் சொன்னால் சண்டை. மிச்சமில்லாமல் தின்று முடிப்பதற்கு ஒன்று. துரு வேலிக் கம்பியை அரிக்கிறது, பூச்சி கம்பளியை அரிக்கிறது, கவலை ஆளை அரிக்கிறது. ஆங்கிலேயர்கள் இத்தனைக்கும் அந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சமாளிக்கிறார்கள். ஏழை மொழி என்று ஓரத்தில் குறித்தேன். ஆசிரியை சிவப்பு மையில், "அவசரப்படாதே" என்று எழுதிக் கொடுத்தார்.

இனி சாப்பாடு. முதலில் கோழிச் சாறு. பெரியப்பா வோட்கா ஊற்றினார். கீத் மாத்திரை சாப்பிடுவதாகச் சொல்லிக் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டார். ஜெனோன் பெரியப்பாவின் முகம் விழுந்துவிட்டது. அவர் ஒருவர்தான் அதுவரை கீத்திடம் சிரித்துப் பேசியவர். "குடிக்காதவன்கிட்ட என்னத்தப் பேசறது? டாக்டரைப் பத்தித்தான் பேசணும்" என்று தன் கோப்பையைக் குடித்துவிட்டு, கீத்தின் கோப்பையையும் குடித்தார். நான் அதை, "பெரியப்பா உங்கள் உடல்நலத்தை விசாரிக்கிறார்" என்று மாற்றினேன். அதுவரை நான் நல்லெண்ணத்தோடுதான் மாற்றினேன்.

பிறகு கட்லெட். கீத் முதல் கட்லெட்டைச் சாப்பிட்டார். தட்டு காலியானதும் பெரியம்மா இரண்டாவதைப் போட்டாள், சதகுப்பைக் கீரை தூவிய உருளைக்கிழங்கு நாலு கரண்டியோடு. அவர் அதையும் காலி செய்தார். தட்டு காலியாக இருந்தால் பெரியம்மாவால் சும்மா இருக்க முடியாது, உனக்குத் தெரியும். விருந்தாளி ஒரு வாய் மிச்சம் வைத்து, மூன்று முறை வேண்டாம் என்று மன்றாடி, நான்காவது முறை நெஞ்சில் கைவைத்தால்தான் விடுவாள். கீத் மிச்சமே வைக்கவில்லை. ஒரு துளி குழம்பைக்கூட விடாமல் ரொட்டியால் துடைத்துவிட்டார். மூன்றாவது விழுந்தது.

மூன்றாவதின்போது அவர் என் பக்கம் குனிந்து, "கண்ணு, பிரமாதமான சமையல்னு சொல்லு. ஆனா எனக்கு வயிறு நிறைஞ்சு போச்சு, இதுக்கு மேல வேண்டாம்னு தயவுபண்ணிச் சொல்லிடு" என்றார்.

நான் பெரியம்மாவிடம், "சமையல் பிரமாதமாம்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பின்பாதியை விழுங்கிவிட்டேன். அப்போது நான் என்ன நினைத்தேன் என்பதையும் எழுதுகிறேன். பெரியம்மாவே உன்னிடம் அவரைப் பற்றிக் குறை சொல்லட்டும், நான் ஏன் சொல்ல வேண்டும், என் கையில் அழுக்குப் படாது என்று நினைத்தேன்.

பெரியம்மா நான்காவதைப் போட்டாள். இப்போது அவள் சிரித்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள், விருந்தாளிக்குப் புரியாது என்ற தைரியத்தில். "கொட்டிக்கட்டும், கொட்டிக்கட்டும். அங்க இவனுக்கு யாரும் சோறே போடறதில்லையோ என்னவோ. என் தங்கச்சி முட்டைக்கோஸ் பொட்டலம் கட்டிட்டு வந்து இந்த வயித்தையும் கட்டி இழுக்கணுமாக்கும்."

"என்ன சொல்றாங்க?" என்றார் கீத்.

"சாப்பிடச் சொல்கிறார்கள்" என்றேன்.

"முழுங்கறான் பாரு, மென்னுகூடப் பாக்காம. பன்னியாவது தொட்டியில நடுவுல தலையத் தூக்கிப் பாக்கும்."

"இப்ப?"

"சாப்பிடச் சொல்கிறார்கள்."

அம்மா, பெரியம்மா வேறு வேறு சொற்களில் வேறு வேறு ஏச்சு ஏசினாள். அவருக்கு நான் ஒவ்வொரு முறையும் அந்த மூன்றெழுத்துச் சொல்லையே கொடுத்தேன். அவர் நன்றி என்று நம் மொழியில் ஒவ்வொரு முறையும் சொன்னார். நீ சொல்லிக் கொடுத்திருப்பாய். உச்சரிப்பு சரியாக இருந்தது. அதனால் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

நான்காவதின் பாதியில் இன்னொரு முறை அவர் என்னிடம் போதும் என்று சொல்லச் சொன்னார். நெற்றியெல்லாம் வியர்வை. நான் பெரியம்மாவிடம் பீட்ரூட் நன்றாக இருக்கிறதாம் என்றேன். அவள் பீட்ரூட்டை அள்ளி வைத்தாள். நான்காவது முடிந்ததும் மூன்றாம் முறை கேட்டார். இந்த முறை "தயவுபண்ணி" என்பதை இரண்டு தடவை சொன்னார். நான் ஒன்றுமே சொல்லவில்லை, தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினேன்.

ஐந்தாவது கட்லெட் பெரியப்பாவுடையது. அவர் ஒன்றுதான் சாப்பிட்டிருந்தார், இரண்டாவதுக்குக் காத்திருந்தார். பெரியம்மா அவர் முகத்துக்கு முன்னாலேயே அதைக் குத்தி எடுத்துக் கீத்தின் தட்டில் எறிந்தாள். போடவில்லை, எறிந்தாள்.

"ஏய், அது எனக்குடி" என்றார் பெரியப்பா.

"உங்களுக்கு எதுக்கு? இங்கிலாந்து ராஜா திங்கட்டும். வீட்டையும் சேர்த்துத் தின்னுட்டுப் போகட்டும். என் தங்கச்சிய முழுங்கினவனுக்கு இது ஒரு பெரிய கட்லெட்டா?"

கீத் அதில் பாதி சாப்பிட்டார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, வீட்டுக்குள் போடக் கொடுத்த பெரியப்பாவின் சின்னச் செருப்போடு படியில் தடதடவென்று இறங்கி ஓடினார். ஜன்னலில் இருந்து பார்த்தோம். கீழே குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், மழையில், சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். கீழ்வீட்டுக்காரர் குடை பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில அஞ்சு மணியில இருந்து நின்னு சமைச்சேன்" என்றாள் பெரியம்மா. "தெருவுல கொட்டறான். ஊரே பாக்குது. எழுது உங்கம்மாவுக்கு. எழுதுடி, இந்த லட்சணத்தையா கட்டிக்கப்போறேன்னு."

நான் எதிர்பார்த்தது அதுதான். எழுதிவிடலாம், ஒரு பொய்யும் இல்லாமல் எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

அப்படியே ஓடிவிடுவார் என்று இருந்தேன். அவர் திரும்பி வந்தார். முகம் கழுவிக்கொண்டு, சுவர் நிறத்தில் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். என்னிடம் மெல்லச் சொன்னார்: "மூணு தடவை போதும்னு சொல்லியாச்சு. இவங்க நிறுத்தற ஆள் இல்ல போல. உங்கம்மா சொல்லித்தான் அனுப்பினா. அக்கா தட்டுல போட்டத மிச்சம் வைக்காதே, வெச்சா அவ அதை ஆயுசுக்கும் மறக்க மாட்டா, அப்புறம் என் பொண்ணை என்கிட்ட அனுப்பவே மாட்டான்னு." சொல்லிவிட்டு, ஆறிப்போன பாதிக் கட்லெட்டைப் பார்த்து, முள்கரண்டியை எடுத்தார்.

அம்மா, நீ அப்படிச் சொல்லி அனுப்பியது எனக்குத் தெரியாது. என்னை அழைத்துக்கொள்ள நிஜமாகவே நினைக்கிறாய் என்பதே எனக்குத் தெரியாது. ஓரத்தில் அவ்வளவு சின்னதாக எழுதியிருந்தாய்.

நான் அவர் தட்டின் மேல் கையை வைத்தேன். கை முழுக்கக் குழம்பு. பெரியம்மாவிடம் நம் மொழியில் சொன்னேன்: "மூணாவது கட்லெட்லயே போதும்னு சொன்னாரு. மூணு தடவை கெஞ்சினாரு. நான்தான் உங்ககிட்ட சொல்லல."

பெரியப்பா போத்தலின் மூடியைத் திருகி மூடினார்.

பெரியம்மாவின் கழுத்தில் சிவப்பு ஏறியது. போதும் என்று கெஞ்சிய விருந்தாளியைப் பன்றி என்று சொல்லிச் சொல்லி ஊட்டியிருக்கிறாள். அவளுக்கு அது எப்படிப்பட்ட அவமானம் என்று எனக்குத் தெரியும். அவளால் அதை அவரிடம் காட்ட முடியாது. என்னிடம் காட்டினாள்.

"மூணு வருஷமா" என்றாள். "மூணு வருஷமா என் வீட்டுல தின்னுட்டு, என் மேசையிலயே உக்காந்து எனக்குக் குழி பறிக்கறியா? உங்கம்மா கொண்டுவந்து என் தலையில கட்டிட்டுப் போன நாள்ல இருந்து தின்னுட்டுத்தானே கிடக்கே?"

தின்றாய் என்றுதான் சொன்னாள். தொழுவத்துச் சொல்தான். தவறிச் சொல்லவில்லை, இரண்டு முறை சொன்னாள்.

"என்ன சொன்னாங்க?" என்றார் கீத்.

"நான் மூன்று வருடமாக இங்கே சாப்பிடுகிறேன் என்று சொன்னார்கள்" என்றேன். அதைவிடச் சரியாக எனக்கு ஆங்கிலத்தில் வரவில்லை. அந்தச் சின்னச் சொல்லில் எந்தக் காயமும் தெரியாது.

அவர் பெரியம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நீ சொன்னது இத்துனூண்டு, அவங்க மூஞ்சியில தெரியறது அவ்வளவு பெருசா இருக்கே" என்றார்.

பிறகு நான் செய்ததை அவருக்கும் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் நல்லவிதமாக எடுத்துக்கொள்ளவில்லை. புத்தகங்களில் இப்படிப்பட்ட இடத்தில் தலையைத் தடவிக் கொடுப்பார்கள். அவர் முள்கரண்டியை மேசையில் போட்டார்.

"அப்ப வேணும்னேதான் செஞ்சியா?"

"ஆமாம்."

"எதுக்கு?"

"நீங்கள் திரும்பிப் போக வேண்டும் என்று."

"போகத்தான் போறேன். பஸ் புதன்கிழமைதான்" என்றார். எழுந்து காலணியை மாட்டும்போது, "உன்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும், இன்னைக்கு எனக்கு உன்னைக் கொஞ்சமும் பிடிக்கல" என்றார். எனக்கும் உங்களைப் பிடிக்கவில்லை என்றேன். "நல்லது, ஒரு விஷயத்துலயாவது ஒத்துப்போறோம்" என்றார். கதவருகே நின்று, "உங்கம்மாகிட்ட இதப் பத்தி நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். செஞ்சது நீ. எழுதறதும் நீதான். பஸ் நிலையத்துக்கு எதிர்ல தங்கியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, நனைந்த கம்பளிச் சட்டையோடு போய்விட்டார்.

"இன்னைக்கு எவனும் ஜெயிக்கல. கட்லெட்டுதான் ஜெயிச்சுது" என்றார் பெரியப்பா. யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

பாதிக் கட்லெட்டைப் பெரியம்மா குப்பையில் போட்டாள். அவள் உணவைக் குப்பையில் போட்டு நான் இதுவரை பார்த்ததில்லை. போட்டுவிட்டு வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். சாயங்காலம் எனக்கும் தட்டு வைத்தாள். "வா, கொட்டிக்கோ" என்றாள். குரலில் பாதிச் சூடுதான் இருந்தது. ஒருவேளை அது அவளுடைய மன்னிப்பாக இருக்கலாம். நான் போகவில்லை. இன்று காலையும் அங்கே சாப்பிடவில்லை. பயப்படாதே, பள்ளிக் கடையில் இரண்டு ரொட்டி வாங்கிச் சாப்பிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். இப்போது நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். கீத்தைப் பிடித்திருக்கிறதா? பிடிக்கவில்லை. அவர் மெல்லும்போது சத்தம் வருகிறது. அவர் காதுகளும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்று எழுதத்தான் நான் இவ்வளவும் செய்தேன், அப்படிச் செய்துவிட்டு அதை எழுதினால் அது நேர்மையான பதில் ஆகாது. ஆகவே வேண்டாம் என்று எழுதவில்லை. அவர் ஒருவரைத் தவிர வேறு யாரும் நேற்று அந்த மேசையில் எனக்காக எதையும் செய்யவில்லை. இதை அவரிடம் சொல்லாதே, நானே எப்போதாவது சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. இங்கிருந்து நேராகப் பஸ் நிலையத்துக்கு எதிரே போய் அவரிடம் கொடுக்கப்போகிறேன். அவரால் படிக்க முடியாது, ஆனாலும் ஒட்டித்தான் கொடுப்பேன். வாங்கிக்கொள்வாரா என்று தெரியவில்லை. வாங்கிக்கொண்டால் வியாழக்கிழமை உன் கையில் இருக்கும்.

அம்மா, கல்யாணம் எப்போது வேண்டுமானாலும் நடக்கட்டும், அது உங்கள் இருவர் விஷயம். என் விஷயத்தை மட்டும் அதற்குப் பிறகு என்று வைக்காதே. கிறிஸ்துமஸுக்கு முன்னால் என்னைக் கூப்பிடு. இடம் இல்லை என்று முன்பு எழுதியிருந்தாய். சமையலறையில் ஒரு மடக்குக் கட்டில் போட்டால் போதும், காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து மடித்துவைத்துவிடுவேன். அங்கே பள்ளியில் எனக்கு மொழி கஷ்டமாக இருக்காது. கீத்திடமும் சொல், நான் அதிகம் சாப்பிட மாட்டேன்.

குளிரில் கையுறை இல்லாமல் வேலை செய்யாதே. கன்னி மாதா உன்னைக் காக்கட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
கிங்கா

இன்னும் ஒன்று எழுத நினைத்தேன், நூலகர் விளக்குகளை அணைக்கத் தொடங்கிவிட்டார்.